வலக்கால் ஆமை

பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னாலும் கண்டிக்குப் பக்கத்து அக்குறணையில் பாதிப்பேருக்கு ஆள் விளங்காது, எல்லோருக்கும் அவர் ராத்தாதான். முஸ்லிம் வீடுகளில் மூத்த அக்காவை அப்படிக் கூப்பிடுவார்கள். நான் பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன், மாரியம்மன் திருவிழாவுக்குக் காவடி எடுத்தவன். ஆனாலும் ஆறு வருஷம் பக்கத்துக் கடையில் தொழில் செய்தவனுக்கு வேறு எந்த முறை வாயில் வரும்?

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

என் தொழில் மோட்டர் வைண்டிங். எரிந்துபோன ஃபேன், தண்ணீர் மோட்டர், கிரைண்டர் எது வந்தாலும் கருகிய கம்பியை உருவி எறிந்துவிட்டுப் புதுக்கம்பி சுற்றிக் கொடுப்பேன். என் கடையில் பழசு ஒரு நாள் கூடக் கிடக்கக் கூடாது. இருட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் கூட்டி அள்ளி ஒரு சாக்கில் போட்டுக் கட்டி வாசலில் வைத்துவிடுவேன். வைத்து நிமிர்வதற்குள் ராத்தா வந்து குந்திவிடுவார். நான் போட்ட முடிச்சை என் கண்ணுக்கு முன்னாலேயே அவிழ்ப்பார். உள்ளே கையை விட்டு ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வரும்.

"பாக்காம எறியப்படா தம்பி. நீங்க ஒருக்கா பாத்திட்டீங்க, இனி நானும் ஒருக்கா பாக்கிறேன்" என்பார்.

நான் வாய்க்குள் முணுமுணுப்பேன். அவருக்குக் காது நல்ல கூர்மை. ஆனால் கேட்டதாகக் காட்டிக்கொள்ள மாட்டார்.

அவருடைய கணவரின் சப்பாத்துக் கடை எங்கள் கடைக்கு ஒட்டினாற்போல இருந்தது. எதிரே மேட்டில் வீடு. காலையில் கணவருக்குத் தேத்தண்ணிப் போத்தலோடு இறங்கி வருவார். வரும் வழியில் தெருவோரச் சாக்கடைக் கானில் கிடந்த ஒரு குடைக்கம்பி, யாரோ வீசிய சைக்கிள் மணியின் மூடி, ஏதாவது ஒன்று முந்தானைக்குள் சேர்ந்திருக்கும். ரெண்டு கடைக்கும் நடுவே ஒரு ஆள் மட்டும் நுழையக்கூடிய சந்து ஒன்று இருந்தது. அதுதான் அவருடைய பட்டறை.

அங்கே அவர் செய்து வைத்திருந்தவற்றை என்னவென்று சொல்வது? பொம்மை என்றால் கோபம் வரும். சிலை என்றால் பயம் வரும். "சும்மா, சாமான்" என்பார். நசுங்கிய தேத்தண்ணிக் கேத்தல் ஒன்று கோழியாக உட்கார்ந்திருந்தது, ரெண்டு பக்கமும் அப்பச்சட்டி மூடி இறக்கை. கறுப்புக் குடை ஒன்று கொக்காக நின்றது. கரி போடும் பழைய இஸ்திரிப்பெட்டியின் மேல் வீடு கூட்டும் தும்புத்தடியின் தும்பை ஒட்ட வைத்து ஓர் ஆடு. வெல்டிங் கிடையாது, பசை கிடையாது, பெயின்ட் கிடையாது. எதையும் வெட்டவும் மாட்டார். எல்லாம் கம்பியால் கட்டுவதுதான், அந்தக் கம்பியும் என் சாக்கிலிருந்து போனதுதான். ஒன்றுக்கு ஒன்று பொருந்தவில்லை என்றால் பொருந்துகிற சாமான் எங்கிருந்தாவது வரும்வரை காத்திருப்பார். அந்த ஆட்டின் பின்னங்கால் ஒன்றுக்கு ஏழு மாசம் காத்திருந்தார். அதுவரை ஆடு என் கடைச் சுவரில் சாய்ந்து கிடந்தது, வருகிற வாடிக்கையாளர் எல்லாம் அதில் இடறினார்கள்.

எதற்கும் தலை இருக்காது. அதைக் கண்டுபிடிக்க எனக்கே சில மாசம் பிடித்தது. ஏனென்றால் அந்த மனுஷி தலையைத் தந்திரமாக எங்கேயாவது ஒளித்துவிடுவார். கோழி தலையை இறக்கைக்குள் செருகிக்கொண்டு தூங்கும். கொக்கின் கழுத்து ஒரு பேசினுக்குள் போயிருக்கும், மீன் பிடிக்கிறதாம். ஆட்டின் கழுத்தை ஒரு தகர வாளிக்குள் விட்டிருந்தார். தண்ணீர் குடிக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உயிருள்ளதைப் போல உருவம் செய்வது அவர்கள் மார்க்கத்தில் ஆகாது என்று ஊரில் ஒரு பேச்சு எழும்பி, பள்ளிவாசலில் இருந்து வயதான மௌலவி ஒருவர் ஒரு நாள் வந்தார். நல்ல மனுஷர், சத்தம் போடவில்லை. ஆட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு குனிந்து வாளிக்குள் கையை விட்டார். துழாவினார். இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டுத் துழாவினார். நான் என் கடையில் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தேன். கையை வெளியே எடுத்தவர், "இங்க ஒண்டும் இல்லையே" என்றார்.

"தலை குடுக்கிறது என்ட வேல இல்ல ஹஸ்ரத். அது அல்லாஹ்ட வேல. நான் தலைக்கு இங்கால மட்டும்தான்" என்றார் ராத்தா.

மௌலவி தாடியைத் தடவிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் அவர் வீட்டிலிருந்து ஓடாத மேசைக் கடிகாரம் ஒன்று வந்து சேர்ந்தது, யாரும் ஒன்றும் சொல்லியனுப்பவில்லை. அதற்குப் பிறகு ஊரில் அந்தப் பேச்சு ஓய்ந்தது.

இதையெல்லாம் முதலாளி, அதாவது அவர் கணவர், ஒரு பகிடியாகவே எடுத்துக்கொள்வார். பருத்த உடம்பு, வாய் ஓயாத மனுஷன். வெள்ளைத் தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டு, வருகிறவர் யாராக இருந்தாலும், தோட்டத்து ஆளோ பெரிய டாக்டரோ, காலடியில் முழங்காலிட்டு உட்கார்ந்து சப்பாத்தை மாட்டிவிடுவார். "எங்கட ஊட்டுல ஒடஞ்ச கேத்தலுக்கு ஈக்கிற மரியாத எனக்கு இல்ல தம்பி" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார். ராத்தா உள்ளே இருந்தபடியே, "நீங்க இன்னும் ஒடயல்லயே" என்பார். இது வாரத்துக்கு ரெண்டு தடவை நடக்கும், ரெண்டு பேருக்கும் அலுக்காது.

பிறகு வெள்ளம் வந்தது.

அக்குறணையில் கடை வைத்திருப்பவனுக்கு வெள்ளம் புதிதல்ல. பிங்கா ஓயா கடைகளுக்குப் பின்னால்தான் ஓடுகிறது, மலையில் ரெண்டு நாள் அடித்துப் பெய்தால் முன்வாசல் வழியாக அல்ல, பின்கதவு வழியாக உள்ளே வரும். ஆனால் அந்த முறை வந்தது போல நான் கண்டதில்லை. என் கடையில் இடுப்பளவு. சப்பாத்துக் கடையிலும் அதே அளவு. தண்ணீர் வடிந்தபோது தெரு முழுக்கச் சேறும் நாற்றமும். முதலாளி அந்த நேரம் ஊரில் இல்லை. புதுச்சரக்குப் பார்க்கக் கொழும்புக்குப் போனவர், பாதை உடைந்து அங்கேயே மாட்டிக்கொண்டார். ராத்தா வீடு இழந்தவர்களுக்குப் பள்ளிவாசலில் சமைத்துக்கொண்டிருந்தார். நான் என் கடையைக் கழுவி முடித்துவிட்டு, அயலவன் என்ற முறையில் அவர்கள் கடையில் இறங்கினேன்.

உள்ளே என்ன இருந்தது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். சுவரில் மேலே வரிசை வரிசையாகச் சப்பாத்துகள் தொங்கின, தண்ணீர் அங்கே எட்டவில்லை, ஒன்றில் கூடச் சேறு இல்லை. கீழே தட்டுகளிலும் பின்னறையிலும் அட்டைப்பெட்டிகள். அவை ஊறிக் கூழாகி, கையை வைத்தால் கை உள்ளே போனது. ராத்தா இடையில் ஒரு தடவை ஓடி வந்தார். கையெல்லாம் சோற்றுப் பருக்கை.

"தம்பி, பெட்டிகள எறிஞ்சிட வாணாம். நான் வந்து பாத்துத் தாறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று இன்றைக்கும் என்னையே நான் திட்டிக்கொள்கிறேன். குப்பை ஏற்றும் டிராக்டர் வாசலில் நின்றது, அதுதான் கடைசிப் பயணம் என்றார்கள். இந்த மனுஷி வந்தால் எல்லாவற்றையும் சந்துக்குள் அடுக்கிவிடும், நாற்றத்தில் நான் தொழில் செய்ய முடியாது என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் அதுதான் காரணம். ரெண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்குள் அத்தனை பெட்டிகளையும் ஏற்றி அனுப்பினேன். தரையைக் கழுவி, சாம்பிராணி கூடப் போட்டேன்.

மூன்றாம் நாள் முதலாளி வந்தார். வாசலில் நின்று சுவரைப் பார்த்தார். முகம் மலர்ந்துபோயிற்று. "அல்ஹம்துலில்லாஹ், மேல் வரிச முழுக்கத் தப்பிட்டு" என்றார். பிறகு கீழே பார்த்தார். பெட்டிகள் எங்கே என்று கேட்டார். நான் பெருமையோடு, "எல்லாத்தையும் கிளீன் பண்ணி டிராக்டர்ல ஏத்திட்டேன் முதலாளி, நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க" என்றேன்.

அவர் அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

சப்பாத்துக்கடைக்காரர் சுவரில் ஒரு காலை மட்டும்தான் தொங்கவிடுவார்கள். சோடியாகத் தொங்கவிட்டால் யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவான், ஒற்றையை எவன் திருடுவான்? மற்றக் கால் பெட்டியில் இருக்கும். அந்தக் கடையில் சுவரில் தொங்கியதெல்லாம் வலது கால். நான் டிராக்டரில் ஏற்றியதெல்லாம் இடது கால். அதில் பாதி ரப்பர், கழுவிக் காய வைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆறு வருஷம் பக்கத்துக் கடையில் இருந்தவனுக்கு இது தெரியாதா என்று கேட்காதீர்கள். நான் மோட்டரைத் தவிர எதையும் நிமிர்ந்து பார்க்காதவன். குப்பை கொட்டும் இடத்துக்கு ஓடினேன். அதன் மேல் மண்ணைத் தள்ளி மூடிவிட்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து முதலாளி பேசவில்லை. என்னோடு மட்டும் அல்ல. காலையில் வருவார், கதவை அரைவாசிக்கு உயர்த்துவார், குனிந்து உள்ளே போய்க் கதிரையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்வார். சாயந்தரம் எழும்பிப் போவார். கொழும்பு வியாபாரிகள் பழைய பழக்கத்துக்குப் புதுச்சரக்கு அனுப்புகிறோம் என்று ஆளனுப்பினார்கள். அவர் தலையை மட்டும் ஆட்டி வேண்டாம் என்றுவிட்டார். கட்டடச் சொந்தக்காரர் வாடகைக்குப் பொறுத்துப் பார்த்தார். மூன்று மாசமாயிற்று. கடைசியில், நோன்பு தொடங்குவதற்குள் கடை திறக்காவிட்டால் போன் கடை வைக்கிற ஒருவருக்குக் கொடுத்துவிடுவேன் என்று ராத்தாவிடம் சொல்லிவிட்டார். நோன்புக்கு ஒரு மாசம் கூட இருக்கவில்லை.

நான் ஒரு தடவை உள்ளே போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. வெளியே வந்து சந்துக்குள் நின்று அழுதேன். நாற்பது வயசு ஆம்பிள அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை. ராத்தா பார்த்தார்.

"அவங்க உங்களோட கோவமில்ல தம்பி. அவங்க என்னோடயும்தான் பேசல்ல" என்றார்.

அவ்வளவுதான். 'நான் சொன்னேனே, பார்க்காமல் எறிய வேண்டாம் என்று சொன்னேனே' என்று ஒரு சொல், ஒரே ஒரு சொல், அந்த வாயிலிருந்து வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, பிறகும் வரவில்லை. வந்திருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அந்த மனுஷியை நான் மதிக்கத் தொடங்கியது அந்த நாளில்தான். அதுவரை எனக்கு அவர் குப்பை கிளறுகிற ஒரு பெண், அவ்வளவுதான்.

ஒரு காலையில் மேட்டிலிருந்து பெரிய டிஷ் அன்டனா ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். அந்தக் காலத்துக் கம்பிவலை டிஷ், ஆறடி அகலம், யாரோ கூரையிலிருந்து கழற்றி வீசியது. அதைக் கடை வாசலில் கவிழ்த்துப் போட்டார். பிறகு அரைக்கதவுக்குள் குனிந்து, "சுவத்தில ஈக்கிறத எடுக்கவா?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போய் முதல் சப்பாத்தை எடுத்து வந்தார்.

எனக்கு விளங்கிவிட்டது. என் வேலையைப் போட்டுவிட்டுக் கம்பிச்சுருளோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பிடிப்பார், நான் கம்பியை விட்டு முறுக்குவேன். பெரிய ஆம்பிளச் சப்பாத்துகள் அடியில், அதற்கு மேல் பொம்பிளச் செருப்பு, உச்சியில் கைப்பிள்ளைகளுடையது. ஓடு போடுவது போல ஒன்றின் மேல் ஒன்று ஏறி, எல்லாம் ஒரே பக்கம் வளைந்து போயிற்று. வலது கால் என்றால் அது தன் போக்கில் இடப்பக்கம் வளையும், அதைக் கவனித்து அந்த வளைவையே சுற்றாக ஆக்கிவிட்டார். கால்களுக்கு வெள்ளத்தில் போன நாலு ரைஸ் குக்கரின் உள்பானைகள் வந்தன. எட்டு நாள் எடுத்தது. முறுக்கி முறுக்கி என் விரல் நுனியெல்லாம் வெடித்துவிட்டது.

முடிந்தபோது அது ஓர் ஆமை. வாசலில் பாதியை அடைத்துக்கொண்டு, தரையோடு அமர்ந்து, இடுப்பளவு உயரம். முன்பக்கம் ஓட்டுக்குக் கீழே ஒரு பொந்து மட்டும் இருட்டாகத் தெரிந்தது.

"தலை?" என்றேன்.

"உள்ளுக்கு இழுத்துக்கிட்டு ஈக்குது" என்றார். "பயந்திட்டு. பயம் தெளிஞ்சா வரும்."

நான் அரைக்கதவைப் பார்த்தேன். அவரும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊர் திரண்டது என்றுதான் சொல்ல வேண்டும். கண்டி மாத்தளை ரோட்டில் போகிற பஸ் எல்லாம் எங்கள் வாசலில் மெதுவாகும், ஜன்னல் வழியாகப் போன்கள் நீளும். சிங்களப் பிள்ளைகள் இறங்கி வந்து ஆமையைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்தார்கள். மத்ரஸாப் பிள்ளைகள் பொந்துக்குள் கையை விட்டு விட்டுப் பார்த்து ஓடினார்கள். மௌலவி கூட வந்து நின்று தாடியைத் தடவினார். ராத்தா எல்லோருக்கும் சிரித்த முகத்தோடு பதில் சொல்வார். ஆனால் ஒரு கண் எப்போதும் கதவில் இருக்கும். இத்தனை சத்தத்துக்கு முதலாளி ஒரு தடவையாவது எட்டிப் பார்ப்பார் என்று அவர் எதிர்பார்த்தார் என்பது எனக்குத் தெரியும். ஒரு கிழமை போயிற்று, பத்து நாள் போயிற்று. மனுஷன் எழும்பவில்லை. மாறாக, தொங்கியதெல்லாம் போய் வெறும் ஆணிகள் மட்டும் நின்ற சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நோன்புக்கு எட்டு நாள் இருக்கும்போது போன் கடைக்காரர் அளவு நாடாவோடு வந்து வெளிச்சுவரை அளந்துவிட்டுப் போனார். அன்று பின்நேரம் ராத்தா சந்துக்குள் சும்மா உட்கார்ந்திருந்தார். மடியில் ஒன்றும் இல்லை. கை ரெண்டும் சும்மா கிடந்ததை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"எனக்கு என்ன சாமானையும் ஒரு வேலைக்கு வெக்க ஏலும் தம்பி," என்றார். "அவங்கள மட்டும் என்ன செய்றெண்டு தெரியல்ல. எனக்குப் பயமா ஈக்குது."

ஒரு பிளேன்டீ வாங்கி வந்து கொடுத்தேன். அவர் அதைக் குடிக்கவில்லை.

மறுநாள் காலை. மாத்தளையிலிருந்து கண்டிக்குப் போகிற பஸ் ஒன்று எங்கள் வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றது. ஒருவர் இறங்கினார். ரெண்டு கக்கத்திலும் ஊன்றுகோல், இடுப்பில் வெள்ளைச் சாரம், சட்டைப் பையில் கிளினிக் கொப்பி. இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. தோட்டத்து ஆள் என்று பார்த்ததும் தெரிந்தது, என் அப்பாவைப் போலவே சட்டையின் மேல் பொத்தானைப் பூட்டியிருந்தார். நேரே வந்து ஆமைக்கு முன்னால் நின்றார். படம் எடுக்கவில்லை. மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ஏங்க, இது எல்லாமே வலது காலுங்களா?" என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், அத்தனை நாளில் எத்தனையோ பேர் வந்து பார்த்தார்கள், ஒருவர் கூட அதைக் கவனிக்கவில்லை. ராத்தா எழும்பி நின்றார். ஓம், எல்லாம் வலதுதான் என்றார்.

"போன தடவ கிளினிக்குக்குப் போறப்பவும் வர்றப்பவும் பஸ்ஸில இருந்து பாத்தேங்க. கேக்கிறதுக்குக் கூச்சமா இருந்துச்சு. சீனி வருத்தத்துல காலு போயி ஏழு வருஷம். சோடியா வாங்கி ஒண்ண வீட்டுல போட்டு வச்சிருக்கேன். இதுல ஒண்ணு குடுப்பீங்களா?"

அவர் போட்டிருந்த செருப்பின் வார் அறுந்து, சணல் கயிற்றால் கட்டியிருந்தது. நான் வாயைத் திறந்தேன், தாராளமாக எடுங்கள் என்று சொல்லப்போனேன். ராத்தா கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். அரைக்கதவுப் பக்கம் திரும்பி, சத்தமாக, "கடைக்கு ஆள் வந்தீக்கு. குடுக்கலாமா எண்டு நீங்களே செல்லுங்க" என்றார்.

உள்ளே கதிரை கிறீச்சிட்டது. வந்தவர் ஊன்றுகோலை மாற்றிப் பிடித்துக்கொண்டார், தப்பாக ஏதும் கேட்டுவிட்டோமோ என்று முகம் சுருங்கிவிட்டது. ஒரு லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டு போயிற்று. அது போன பிறகு உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. மூன்று மாசத்துக்கு மேல் பாவிக்காத குரல், கரகரத்துப் போயிருந்தது.

"எத்தனாம் நம்பர்?"

"எட்டுங்க" என்றார் வந்தவர்.

கதவு முழுக்க மேலே போயிற்று. முதலாளி வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தார். சட்டை தோளில் தொங்கியது, அவ்வளவு மெலிந்திருந்தார். தினமும் தலையைக் குனிந்தபடி அதைச் சுற்றிக்கொண்டு போய் வந்தவர், அன்றைக்குத்தான் அந்த ஆமையை முதன்முதலாக நிமிர்ந்து பார்க்கிறார். கொஞ்ச நேரம் பார்த்தார். ராத்தாவையும் பார்த்தார். பிறகு குனிந்து, அடியிலிருந்து ரெண்டாவது வரிசையில், மண்ணிறத் தோல் செருப்பு ஒன்றில் கையை வைத்தார். பெட்டி இல்லை, சீட்டு இல்லை, எது எட்டு, எது ஒன்பது என்று அவருக்கு மட்டும் தெரியும். இழுத்தார். வரவில்லை. என் முறுக்கு அப்படி, மோட்டருக்குப் போடுகிற முறுக்கு. ரெண்டாம் தரமும் இழுத்துப் பார்த்தார்.

அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, குறடு ஒண்டு தாங்க."

நான் ஓடினேன். பத்தடி தூரம்தான், ஓடினேன். என் கையில் எப்போதும் இருக்கிற குறடு அன்றைக்குத் தேடியும் கிடைக்கவில்லை, மேசையில் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு எடுத்துக்கொண்டு வந்தேன். அவர் வாங்கிக் கம்பியை வெட்டினார். செருப்பைத் தன் சாரத்தில் துடைத்தார். தன் கதிரையை வெளியே இழுத்துப் போட்டு அந்த மனுஷரை உட்கார வைத்தார். முழங்காலிட்டு உட்கார்ந்து, சணல் கயிற்றை அவிழ்த்து, பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினார். விரலால் முன்னாலும் பின்னாலும் அழுத்திப் பார்த்து, எழும்பி நடந்து பாருங்கள் என்றார். சீனி வருத்தக்காரருக்கு வார் இறுக்கமாக இருக்கக் கூடாது என்று அரை அங்குலம் தளர்த்தினார். பிறகு சும்மா இருக்கவில்லை, இதே ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு உங்களைப் போல எத்தனை பேர் வருகிறார்கள், வலது கால்காரர் எத்தனை பேர், என்ன நம்பர் என்று கேட்கத் தொடங்கிவிட்டார். பழைய வாய் திரும்பிவிட்டது.

நான் ஆமையைப் பார்த்தேன். ஓட்டில் ஒரு ஓட்டை. எட்டு நாள் வேலை, என் விரல் எல்லாம் வெடித்த வேலை. ஆள் சேர்ந்தால் இது கொஞ்சக் காலத்தில் வெறும் டிஷ் ஆகிவிடும். ராத்தாவுக்கு வலிக்குமே என்று திரும்பினேன். அவர் தூணில் சாய்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணிலிருந்து தண்ணீர் ஓட ஓட, சிரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த பஸ் வந்தபோது அந்த மனுஷர் எழும்பினார். ராத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பின்னால் ரெண்டடி போனார்.

"அந்த இடது கால் எல்லாம் இன்னும் ஊட்டுல ஈக்குதா?"

"ஒரு சாக்கு இருக்குங்க. புதுசு. எறிய மனசு வரல."

"எறிஞ்சிட வாணாம். அடுத்த முற வரக்கொள்ள எடுத்துட்டு வாங்க."

அடுத்த கிளினிக் நாள் நோன்பின் நாலாம் நாளில் வந்தது. கடை திறந்திருந்தது, புதுப்பெட்டிகள் தட்டில் ஏறியிருந்தன, ஆமையின் முதுகில் பதினொரு ஓட்டை. மாத்தளை பஸ் நின்றதும் அதன் வாசலில் முதலில் ஒரு சாக்குத்தான் தெரிந்தது. முதலாளி வாடிக்கையாளரைக் கதிரையிலேயே விட்டுவிட்டு, தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, அதை வாங்குவதற்காக வெளியே ஓடினார்.